நான்காவதாக நிற்பவர்



இந்த மாத வகுப்புக்குத் ‘தொண்டு’ என்ற தலைப்பைக் கொடுத்து, “நீயே எழுது தம்பி” என்று பொறுப்பாளர் அண்ணன் சொல்லிவிட்டார். நான் மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் மாணவன். தொண்டைப் பற்றி எழுத எனக்கு என்ன தகுதி இருக்கிறது என்று யோசித்தேன். நான் செய்த ஒரு தவறு ஞாபகத்துக்கு வந்தது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

2021 ஆகஸ்ட் மாதம். அப்போது நான் ஐந்தாம் படிவம். கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில்தான் எங்கள் வீடு. எங்கள் பாட்டி முப்பது வருஷத்துக்கு மேல் கொழுந்து பறித்தவர். “மலைக் காத்துல கிடந்த உடம்பு, ஒண்ணும் செய்யாது” என்று சொல்லிக்கொண்டே இருப்பார். நாட்டில் கோவிட் உச்சத்தில் இருந்த மாதம் அது. ஆகஸ்ட் 26ஆம் தேதி ஒரே நாளில் 24,599 பேருக்குத் தொற்று என்று சுகாதார அமைச்சு அறிவித்தது. எங்கள் லயத்துக்கும் அது வந்தது. பாட்டிக்கு மூச்சு வாங்க ஆரம்பித்ததும் ஆம்புலன்ஸ் வந்து, கீழே ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். எங்களுக்குக் கையில் இளஞ்சிவப்பு வளையத்தை மாட்டி, வீட்டை விட்டு வெளியே வரக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

ஏழாவது நாள் இரவு வார்டுக்குப் போன் செய்தேன். யாரும் எடுக்கவில்லை. விடியும்வரை பதினான்கு முறை அடித்தேன். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. காலையில் அவர்களே அழைத்தார்கள். பாட்டி போய்விட்டார்.

அன்றைக்கே முகநூலில் ஒரு பதிவு போட்டேன். அந்த வார்டுத் தாதியருக்கு மனசாட்சியே இல்லை, போனைக்கூட எடுக்காமல் தூங்குகிறார்கள் என்று எழுதினேன். நிறையப் பேர் பகிர்ந்தார்கள். எல்லாரும் எனக்கு ஆறுதல் சொன்னார்கள். நான் எழுதியது தவறு என்று எனக்குத் தெரியவர ஆறு வாரம் ஆனது. எப்படித் தெரிந்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன், ஒரு தாதி உண்மையில் என்ன செய்கிறார் என்பதை நாம் படிக்க வேண்டும். அப்போது எனக்கு அது தெரிந்திருந்தால் அப்படி எழுதியிருக்க மாட்டேன்.

வள்ளுவர் எண்ணிய நான்கு

திருக்குறளில் 95ஆவது அதிகாரம் ‘மருந்து’. அதன் கடைசிக் குறள், அதாவது 950ஆவது குறள், மருத்துவம் என்பது நான்கு கூறுகளால் ஆனது என்கிறது. நோயுற்றவர், நோயைத் தீர்ப்பவர், மருந்து, பக்கத்திலேயே இருந்து கவனிப்பவர் ஆகியவையே அந்த நான்கு. கடைசியாக வருபவருக்கு வள்ளுவர் தரும் பெயர் ‘உழைச்செல்வான்’. ‘உழை’ என்றால் பக்கம். நோயாளியின் பக்கத்தில் இருப்பவர் என்று பொருள். இன்றைய தாதி அவர்தான். நம் தோட்டத்துப் பெரியவர்கள் ‘மிஸ்ஸி’ என்று கூப்பிடுவதும் அவரைத்தான்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். கவனிப்பவரை வள்ளுவர் மருத்துவரின் எடுபிடியாகச் சொல்லவில்லை. தனிக் கூறாகவே எண்ணுகிறார். நான்கு கால் மேசையில் ஒரு காலை எடுத்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல எஞ்சினியர் தேவையில்லை.

பழைய ஆயுர்வேத நூலான சரக சம்ஹிதையும் இதே நான்கைச் சொல்கிறது. அத்தோடு, பக்கத்தில் இருந்து கவனிப்பவருக்கு நான்கு குணங்கள் வேண்டும் என்றும் சொல்கிறது. பணிவிடை பற்றிய அறிவு, கைத்திறமை, நோயாளியிடம் அன்பு, தூய்மை. பரிமேலழகரும் இந்தக் குறளுக்கு உரை எழுதும்போது நான்கு கூறுகளில் ஒவ்வொன்றையும் நான்காகப் பிரித்தே விளக்குகிறார்.

தொண்டு என்றதும் நாம் அன்பை மட்டும்தான் நினைக்கிறோம். ஆனால் இந்தப் பட்டியலில் அன்பு நான்கில் ஒன்று. மற்ற மூன்றும் படித்து, பழகி வர வேண்டியவை. இந்தப் பாடத்தில் நான் சொல்ல வந்ததே இதுதான். கோவிட் காலத் தாதியரை வைத்து ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது: அறிவு

எங்கள் லயத்தில் வளர்ந்த அக்கா ஒருவர் தாதியாக இருக்கிறார். கோவிட் நேரத்தில் சிலாங்கூரில் வேலை பார்த்தார். அவரிடம், “உங்களுக்கு ரொம்பப் பயமா இருந்த நோயாளி யாருக்கா?” என்று ஒருமுறை கேட்டேன். மூச்சுத் திணறி அலறுகிறவர் என்று சொல்வார் என நினைத்தேன்.

“இல்ல தம்பி. சிரிச்சுப் பேசிக்கிட்டு, ரொட்டி சாப்பிட்டுக்கிட்டு இருப்பாரு பாரு, அவருதான். விரல்ல மெஷின மாட்டினா 82 காட்டும். அவருக்கு ஒண்ணுமே தெரியாது.”

கோவிட்டில் இப்படி நடந்தது. இரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கியிருக்கும், ஆனால் மூச்சுத் திணறல் தெரியாது. விரலில் மாட்டும் அந்த ஆக்சிமீட்டர் இரண்டு ஒளிகளை விரலுக்குள் செலுத்துகிறது. ஒன்று சிவப்பு, சுமார் 660 நானோமீட்டர். இன்னொன்று அகச்சிவப்பு, சுமார் 940 நானோமீட்டர். ஆக்சிஜன் ஏறிய இரத்தமும் ஏறாத இரத்தமும் இந்த ஒளிகளை வெவ்வேறு அளவில் உறிஞ்சும். அந்த வித்தியாசத்தைத்தான் கருவி சதவீதமாகக் கணக்குப் போட்டுக் காட்டுகிறது. கை சில்லிட்டிருந்தாலோ நகத்தில் மருதாணி, நகச்சாயம் இருந்தாலோ எண் தவறலாம். கருவி சொல்வதை அப்படியே எழுதுவதா, விரலைச் சூடாக்கி மறுபடி பார்ப்பதா என்பதை முடிவு செய்பவர் தாதி.

நம் மலைக்கு இன்னொரு விஷயமும் உண்டு. தானா ராத்தா கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்றழுத்தம் கடலோரத்தில் இருப்பதில் சுமார் 85 சதவீதம்தான். கெட்டியான உடம்புக்கு இது ஒரு பொருட்டே இல்லை. பாதி கெட்டுப்போன நுரையீரலுக்கு அந்த 15 சதவீதமும் பெரிய விஷயம்.

அடுத்து, பாதை. நம் மாவட்ட மருத்துவமனை தானா ராத்தாவில் இருக்கும் சுல்தானா ஹாஜா கல்சோம் மருத்துவமனை. தீவிர சிகிச்சை தேவைப்படுகிறவர்களைப் பெரிய மருத்துவமனைக்குக் கீழே அனுப்ப வேண்டியிருக்கும். சிம்பாங் பூலாய் வழியாக ஈப்போவுக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம். வளைவும் பனிமூட்டமும் இருக்கும். மழைக்காலம் என்றால் மண்சரிவும் சேர்ந்துகொள்ளும்.

ஒரு சின்னக் கணக்கு போடுவோமா? ஆம்புலன்ஸில் கையால் தூக்கக்கூடிய ஒரு வகை ஆக்சிஜன் சிலிண்டரில் சுமார் 680 லிட்டர் இருக்கும். நோயாளிக்கு நிமிடத்துக்கு 10 லிட்டர் தேவை என்றால் 680 ÷ 10 = 68 நிமிடம். இரண்டு மணி நேரத்துக்கு 1,200 லிட்டர் வேண்டும். அப்படியானால் இரண்டு சிலிண்டர் போதுமா? காகிதத்தில் போதும். வழியில் ஒரு லாரி குறுக்கே நின்றுவிட்டால்? நோயாளிக்குத் தேவை 15 லிட்டராக ஏறிவிட்டால்? அதனால்தான் கணக்கில் வருவதைப்போல இரண்டு மடங்கு எடுத்துப் போகும் பழக்கம் இருக்கிறது. மருத்துவ உதவியாளரும் தாதியும் வண்டி கிளம்புமுன் இந்தக் கணக்கைப் போட்டாக வேண்டும். என் வகுப்பில் இதில் தப்பு செய்தால் இரண்டு மார்க் போகும். அவர்கள் தப்பு செய்தால் நடுவழியில் ஒரு மனிதருக்கு மூச்சு நின்றுவிடும்.

இரண்டாவது: திறமை

கோவிட்டில் நுரையீரல் மோசமானவர்களைக் குப்புறப் படுக்க வைத்த படங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மல்லாந்து படுத்தால் நுரையீரலின் பின்பக்கம் நசுங்கிக் கிடக்கும். குப்புறப் போட்டால் அந்தப் பகுதி விரிந்து காற்று வாங்கும். கோவிட்டுக்கு முன்பே, பெரும்பாலும் பிரான்சில் நடந்து 2013இல் வெளியான ஓர் ஆய்வு இதன் பலனைக் காட்டியது. நுரையீரல் கடுமையாகப் பாதிக்கப்பட்டு வென்டிலேட்டரில் இருந்தவர்களைத் தினமும் நீண்ட நேரம் குப்புறப் படுக்க வைத்தபோது, 28 நாளுக்குள் ஏற்பட்ட இறப்பு 32.8 சதவீதத்திலிருந்து 16 சதவீதமாகக் குறைந்தது. புது மருந்தோ புது மெஷினோ இல்லை. ஆளைத் திருப்பிப் போட்டதில் வந்த பலன் அது.

ஆனால் ‘திருப்பிப் போடுவது’ லேசான வேலை இல்லை. வாய்க்குள் மூச்சுக் குழாய் இருக்கும். கழுத்தில் ஊசிக் குழாய், சிறுநீர்க் குழாய், மார்பில் ஒயர்கள். ஒருவர் தலைமாட்டில் நின்று மூச்சுக் குழாயைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அவர் எண்ணி முடித்ததும் மற்ற நாலைந்து பேரும் ஒரே நேரத்தில் புரட்ட வேண்டும். குழாய் கழன்றால் சில நிமிடத்தில் உயிர் போய்விடும். அறுபது கிலோ, எண்பது கிலோ உடம்பு. பாதுகாப்பு உடைக்குள் வேர்த்து ஊற்றும். கண்ணாடியில் ஆவி படிந்து எதிரே இருப்பது தெரியாது. பல மணி நேரம் கழித்து அதே ஆளை மறுபடி மல்லாத்த வேண்டும். பிறகு பக்கத்துப் படுக்கை.

புரட்டியதோடும் வேலை முடியாது. அழுத்தம் என்றால் விசையைப் பரப்பால் வகுப்பது என்று பள்ளியில் படித்தோம். எலும்பு துருத்திய இடங்களில் பரப்பு குறைவு, அதனால் அழுத்தம் அதிகம். தோலடியில் ஓடும் நுண்குழாய்கள் சுமார் 32 மில்லிமீட்டர் பாதரச அழுத்தத்தில் மூடிக்கொள்ளும் என்பது பழைய கணக்கு. மூடிய இடத்துக்கு இரத்தம் போகாது, சதை செத்துப் புண்ணாகும். படுக்கைப் புண் வருவது இப்படித்தான். குப்புறப் படுத்தவருக்கு நெற்றியிலும் கன்னத்திலும் முழங்காலிலும் வரும். ஆகவே தலையணை, துணிச் சுருள், நுரைத் துண்டு எல்லாவற்றையும் சரியான இடத்தில் செருகி, மணிக்கணக்குப் பார்த்து முகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாற்றிவைக்க வேண்டும். நாங்கள் சூத்திரமாகப் படிக்கும் விஷயத்தை அவர்கள் கையால் செய்துகொண்டிருந்தார்கள்.

மூன்றாவது: தூய்மை

தூய்மை என்பது இங்கே உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். 2003இல் சார்ஸ் நோய் சிங்கப்பூருக்கு வந்தபோது 238 பேருக்குத் தொற்றியது, 33 பேர் இறந்தார்கள். தொற்றியவர்களில் பத்துக்கு நாலு பேர் மருத்துவமனை ஊழியர்கள். நோயாளியைத் தொட்டுக் கவனித்தவர்களையே நோயும் தொட்டது.

நிப்பா வைரஸின் கதை இன்னும் நெருக்கமானது. அந்தப் பெயரே நம் நாட்டு ஊர்ப் பெயர்தான், நெகிரி செம்பிலானில் இருக்கும் சுங்கை நிப்பா. 1998, 1999இல் பன்றிப் பண்ணைகளில் கிளம்பிய அந்த நோய் இங்கே நூறு பேருக்கு மேல் பலி வாங்கியது. வைரஸைத் தனியே பிரித்துக் கண்டுபிடித்ததும் மலாயாப் பல்கலைக்கழகத்தில்தான். பத்தொன்பது வருஷம் கழித்து, 2018 மே மாதம் அதே வைரஸ் கேரளத்தில் கோழிக்கோடு பக்கம் தலைகாட்டியது. பேராம்பிரா தாலுக்கா மருத்துவமனையில் முதல் நோயாளிகளைக் கவனித்தவர்களில் லினி என்ற தாதியும் ஒருவர். அது நிப்பா என்று அப்போது யாருக்கும் தெரியாது. அவருக்கும் தொற்றி, மே 21ஆம் தேதி இறந்துபோனார். இரண்டு சின்னப் பிள்ளைகளின் தாய். வெளிநாட்டில் வேலை பார்த்த கணவருக்கு, இனி பார்க்க முடியாது என்று தோன்றுகிறது, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்ற கருத்தில் தனிமை வார்டிலிருந்து ஒரு சின்னக் கடிதம் எழுதிவைத்திருந்தார். நான் இணையத்தில் அதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தேன்.

கோவிட் காலத்தில் தாதியர் போட்ட உடையை இந்தப் பின்னணியில் பாருங்கள். என்95 என்ற முகக்கவசம், 0.3 மைக்ரான் அளவுத் துகள்களில் குறைந்தது 95 சதவீதத்தைத் தடுக்கிறதா என்று சோதிக்கப்பட்டு வருவது. அது மூக்கோடும் கன்னத்தோடும் இறுக்கமாக ஒட்டினால்தான் பலன். ஓரத்தில் இடைவெளி இருந்தால் காற்று அந்த வழியாகவே போகும். அதனால்தான் அத்தனை முகங்களில் அத்தனை தழும்பு. உடையைப் போடுவதைவிடக் கழற்றுவதுதான் ஆபத்து என்று அக்கா சொன்னார். வெளிப்பக்கம் முழுக்கக் கிருமி இருப்பதாக நினைத்து, வரிசை மாறாமல் கழற்றி, ஒவ்வொரு படியிலும் கையைச் சுத்தம் செய்ய வேண்டும். அரை நாள் நின்று களைத்த பிறகுதான் அந்த ஒழுங்கு தேவைப்படுகிறது.

“உள்ள போயிட்டா தண்ணி குடிக்க முடியாது, டாய்லெட் போக முடியாது. அதுக்குப் பயந்தே காலையில பசியாறும்போது தேத்தண்ணி குடிக்கிறத விட்டுட்டேன்” என்றார் அக்கா. கேமரன் மலையில் பிறந்த பெண் தேத்தண்ணியை விட்டார் என்றால் பாருங்கள்.

நான்காவது: அன்பு

மூன்றையும் சொல்லிவிட்டுத்தான் இங்கே வருகிறேன். 2020 பிப்ரவரியில் சீனாவின் ஹூபே மாநிலத்தில், கோவிட் வார்டில் வேலை செய்த 9 தாதியரையும் 4 மருத்துவர்களையும் தொலைபேசியில் பேட்டி கண்டு ஆய்வாளர்கள் ஒரு கட்டுரை எழுதினார்கள். அவர்கள் சொன்னவற்றில் மூன்று செய்திகள் திரும்பத் திரும்ப வந்தன. நோயாளியின் நலனுக்கு நானே முழுப் பொறுப்பு என்ற எண்ணம், அந்த வார்டின் கஷ்டங்கள், கஷ்டத்துக்கு நடுவிலும் தாங்கிக்கொண்ட விதம். சீனாவிலேயே 20 தாதியரிடம் நடந்த இன்னோர் ஆய்வு, பயமும் களைப்பும் ஒரு பக்கம், மனநிறைவும் வளர்ச்சியும் இன்னொரு பக்கம் என இரண்டும் ஒரே சமயத்தில் அவர்களிடம் இருந்ததைச் சொன்னது. தாதியர் ஒரேயடியாக வீரர்களும் இல்லை, ஒரேயடியாகப் பாதிக்கப்பட்டவர்களும் இல்லை. பயந்துகொண்டேதான் வேலை செய்தார்கள்.

சாதாரண நாளில் நோயாளிக்கு வாய் கொப்பளிக்க, தலை வார, பேச்சுத்துணையாக இருக்கச் சொந்தக்காரர் இருப்பார். கோவிட்டில் யாரையும் உள்ளே விடவில்லை. மகன், மகள், மனைவி எல்லாருடைய வேலையும் தாதியின் தலையில் விழுந்தது. பிளாஸ்டிக் உறைக்குள் போனை வைத்து நோயாளியின் முகத்துக்கு நேரே பிடித்தவர் அவர். அந்தப் பக்கம் குடும்பம் அழும்போது கை வலித்தாலும் போனை இறக்காமல் நின்றவரும் அவர்தான்.

நம் வரலாற்றிலும் இப்படி ஒருவர் உண்டு. பெரியபுராணத்தில், சூலை நோயோடு திருவதிகைக்குத் திரும்பி வந்த நாவுக்கரசரை ஏற்றுக்கொண்டவர் அக்காள் திலகவதியார். சமயம் மாறிப் போன தம்பி என்று அவர் கணக்குப் பார்க்கவில்லை. நோயோடு வந்தவனை உள்ளே அழைத்து, திருநீறு கொடுத்து, கோயிலுக்குக் கூட்டிப் போனார். பக்கத்தில் நிற்பவர் முதலில் செய்ய வேண்டியது அதுதான்.

நாம் அவர்களுக்குத் திருப்பிக் கொடுத்தது

கைதட்டினோம், விளக்கேற்றினோம். அதே சமயம் தமிழ்நாடு உட்பட இந்தியாவில் பல இடங்களில் மருத்துவ ஊழியர்களை வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். 2020 ஏப்ரலில் சென்னையில், கோவிட்டில் இறந்த ஒரு மருத்துவரின் உடலை அடக்கம் செய்ய விடாமல் கூட்டம் கூடித் தாக்கியது. அதே மாதம் இந்திய அரசு, மருத்துவ ஊழியரைத் தாக்கினால் ஏழு வருஷம்வரை சிறை என்று அவசரச் சட்டம் கொண்டுவர வேண்டியதாயிற்று. நம் நாட்டிலும் நிலைமை முழுக்க வேறு என்று நான் சொல்ல மாட்டேன். என் பதிவும் அதே வகைதானே.

அவர்களுக்கு ஆன விலை என்ன? சீனாவில் 34 மருத்துவமனைகளைச் சேர்ந்த 1,257 ஊழியர்களிடம் 2020 தொடக்கத்தில் எடுத்த ஆய்வில், பாதிப் பேருக்கு மனச்சோர்வின் அறிகுறிகள் இருந்தன. மூன்றில் ஒருவருக்குத் தூக்கம் இல்லை. தாதியரும் பெண்களும் கூடுதலாகப் பாதிக்கப்பட்டிருந்தார்கள். 2020 ஜனவரி முதல் 2021 மே வரை உலகம் முழுவதும் 80,000 முதல் 1,80,000 வரை சுகாதார ஊழியர்கள் கோவிட்டால் இறந்திருக்கலாம் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. புளோரன்ஸ் நைட்டிங்கேல் பிறந்த 200ஆம் ஆண்டு என்பதால் 2020ஐத் தாதியர் ஆண்டு என்று அதே நிறுவனம் அறிவித்திருந்தது. அந்த ஆண்டு வெளியான அதன் அறிக்கை, உலகில் 2 கோடியே 79 லட்சம் தாதியர் இருப்பதாகவும், இன்னும் 59 லட்சம் பேர் குறைவதாகவும் சொன்னது.

கடைசி எண்ணை மறுபடி படியுங்கள். ஐந்து பேர் தாங்க வேண்டிய சுமையை நாலு பேர் தாங்கினார்கள். நோயாளிகள் குவிந்ததும் அதுவும் இரண்டு பேராக ஆனது. உத்தரம் ஒன்று அளவுக்கு மேல் பாரம் ஏற்றி உடைந்தால், நாங்கள் உத்தரத்தைத் திட்ட மாட்டோம். பாரத்தைக் கணக்கிட்டது யார் என்று கேட்போம்.

அந்தப் பதினான்கு அழைப்புகள்

தனிமைக் காலம் எல்லாம் முடிந்து, ஆறு வாரம் கழித்து, பாட்டியின் பொருள்களை வாங்க அப்பாவும் நானும் கீழே போனோம். ஒரு பிளாஸ்டிக் பை. தோடு, கண்ணாடி, பழைய நோக்கியா போன், திருநீற்றுப் பொட்டலம். பையைக் கொடுத்த மலாய்த் தாதி பெயரைப் படித்துவிட்டு, “நீங்கள் பாட்டியின் பேரனா?” என்று மலாயில் கேட்டார். அவரும் ‘பாட்டி’ என்றுதான் சொன்னார்.

அந்தக் கடைசி இரவு வேலையில் இருந்தவர் அவர். அவராகவே சொல்ல ஆரம்பித்தார். போன் இருந்தது வார்டுக்கு வெளியே, கவுன்டரில். உள்ளே இருந்தது இரண்டு தாதியர். பாதுகாப்பு உடையோடு வெளியே வந்து போனைத் தொட முடியாது. கழற்றிவிட்டு வந்தால் மறுபடி போட்டுக்கொண்டு உள்ளே போக நேரம் ஆகும். அன்று இரவு இரண்டு பேருக்கு நிலைமை மோசமாகிவிட்டது. அதில் ஒருவர் பாட்டி. “போன் அடிப்பது கேட்டது. யாரோ ஒரு குடும்பம் என்று தெரியும். போக முடியவில்லை” என்றார்.

பிறகு பாட்டியைப் பற்றிச் சொன்னார். அவர்கள் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தார்களாம். இன்னொரு ஷிப்டில் இருந்த தமிழ்த் தாதி ஒருவர் ரூமி எழுத்தில் நாலு சொற்களை எழுதிவைத்திருந்தார்: தண்ணி, வலி, மூச்சு, பயம். பாட்டி எதைச் சொல்கிறார் என்று அதைப் பார்த்துக் கண்டுபிடிப்பார்களாம். அதிகமாக வந்த ஆக்சிஜனால் வாய் வறண்டு போனது. அன்று இரவு பாட்டி கேட்டதெல்லாம் ‘தண்ணி’தான். குடிக்கக் கொடுத்தால் மூச்சுக்குழலில் இறங்கிவிடும். ஆகவே துணியை நனைத்து நனைத்து உதட்டிலும் நாக்கிலும் வைத்துக்கொண்டே இருந்திருக்கிறார். “மூணு மணிக்கு மேல் என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் விடவில்லை” என்றார்.

அப்பாவுக்கு ஒரு துக்கம் உள்ளேயே கிடந்தது. பெற்ற தாய்க்கு வாயில் பால் ஊற்றவில்லை, வாய்க்கரிசி போடவில்லை, மூடிய பையைத்தான் தூரத்திலிருந்து மாமா பார்த்தார் என்று அடிக்கடி சொல்லிக்கொண்டிருந்தார். அன்று வண்டியில் திரும்பி வரும்போது ரிங்லெட் தாண்டும்வரை ஒன்றும் பேசவில்லை. பிறகு சொன்னார், “அப்ப எங்கம்மாவுக்குக் கடைசித் தண்ணி கொடுத்தது அந்தப் பொண்ணுதான்.”

அன்று இரவே என் பதிவை நீக்கினேன். நான் தவறாக எழுதினேன் என்று இன்னொரு பதிவும் போட்டேன். அதை யாரும் அவ்வளவாகப் பகிரவில்லை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். குடும்பத்துக்குச் செய்தி சொல்லியிருக்க வேண்டும் என்று இப்போதும் நினைக்கிறேன். போன் எடுப்பதற்கென்றே ஓர் ஆள் இருந்திருக்க வேண்டும். என் கோபத்தில் தப்பில்லை. அது போய்ச் சேர்ந்த இடம்தான் தப்பு. ஆள் போதாத வார்டை விட்டுவிட்டு, இருந்த ஆளைத் திட்டினேன்.

நாம் செய்யக்கூடியவை

தாதியரைத் ‘தெய்வம்’ என்று சொல்லிவிட்டுப் போய்விடுவது சுலபம். தெய்வத்துக்குச் சம்பளமும் ஓய்வும் வேண்டாம் பாருங்கள். அவர்கள் மனிதர்கள். அதனால் நாம் செய்ய வேண்டியது சில உண்டு.

ஒன்று, பக்கத்தில் இருந்து கவனிக்கப் படிப்போம். நம் இயக்கக் கிளைகளில் முதலுதவி வகுப்பு நடத்தலாம். ஆக்சிமீட்டர் பார்ப்பது, படுத்தவரைப் புரட்டுவது, காய்ச்சல் அளப்பது எல்லாம் ஆண் பெண் இருபாலாரும் கற்க வேண்டியவை. வீட்டில் நோயாளி என்றால் அம்மாவும் அக்காவும்தான் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் ஆண்பிள்ளைகளான நம்மிடம் இன்னும் இருக்கிறது. ‘உழைச்செல்வான்’ என்று வள்ளுவர் ஆண்பாலில்தானே சொன்னார்?

இரண்டு, எஸ்பிஎம் முடித்த தம்பி தங்கைகளுக்கு இந்தத் துறையை எடுத்துச் சொல்வோம். தாதியர் டிப்ளோமா மூன்று வருஷப் படிப்பு. முடித்து, மலேசியத் தாதியர் வாரியத்தில் பதிவு செய்தால் தொழில். “மிஸ்ஸி வேலையா?” என்று இழுக்கும் சொந்தக்காரர்களிடம் மேலே போட்ட ஆக்சிஜன் கணக்கைக் கேளுங்கள்.

மூன்று, அவரவர் படிப்பை அவர்களுக்குப் பயன்படுத்துவோம். 2020இல் நம் நாட்டில் 3டி பிரிண்டர் வைத்திருந்த பலர் கூடி முகத்தடுப்புச் சட்டங்களை அச்சடித்து மருத்துவமனைகளுக்குக் கொடுத்தார்கள். ஆடை வடிவமைப்பாளர்கள் பாதுகாப்பு உடை தைத்தார்கள். ஆனால் செய்வதற்கு முன் தாதியரிடம் கேட்க வேண்டும். நெற்றியில் எங்கே குத்துகிறது என்பது அதை எட்டு மணி நேரம் போட்டவருக்குத்தான் தெரியும்.

நான்கு, கோபத்தில் எதையும் பதிவிடுமுன் ஒரு நாள் பொறுப்போம்.

வகுப்பில் பேச

1. பணிவிடைக்கு வேண்டிய நான்கு குணங்களில் உங்களிடம் எது குறைவு? அதை எப்படி வளர்ப்பீர்கள்?

2. நோயாளிக்கு நிமிடத்துக்கு 15 லிட்டர் ஆக்சிஜன் தேவை. பயணம் இரண்டு மணி நேரம். இரண்டு மடங்கு எடுத்துப் போக வேண்டும் என்றால் 680 லிட்டர் சிலிண்டர் எத்தனை வேண்டும்?

3. உங்கள் வீட்டில் யாருக்காவது பக்கத்தில் இருந்து பார்த்த தாதி யாரையாவது ஞாபகம் இருக்கிறதா? அவர் பெயர் தெரியுமா?

மூன்றாவது கேள்விக்கு என் பதில்: தெரியாது. அன்றைக்குப் பெயர்ப் பட்டையைப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. பாட்டியின் திதி அன்று படையல் போடும்போது அப்பா ஒரு டம்ளர் தண்ணீரைத் தனியே எடுத்து வைக்கிறார். யாருக்கு என்று நாங்கள் கேட்பதில்லை.